கீசர் மூடிக்குள் சிவப்புக் குறி

மாப்ளே,

இன்று காலை குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் கீசரின் அடிமூடியைக் கழற்றினேன். முதலில் கருகின வாடை வந்தது. பிறகுதான் பார்த்தேன், மூடியின் உட்பக்கம் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. உன் வீட்டம்மாவின் நெயில் பாலிஷ். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறியிருந்தேன். ஆனாலும் இறங்கிப் போய் அதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

"ரெண்டு மாசந்தாண்ணே ஆகுது வாங்கி," என்றார் வீட்டுக்கார அக்கா. "கம்பத்துல பழைய சாமான் கடையில. புதுசு மாதிரியே இருந்துச்சு. பைப்பத் தொட்டா லேசாச் சுர்ருங்குது, அவ்வளவுதான்."

புதுசு மாதிரி இருக்கத்தான் செய்யும். வெளியே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே எர்த் வயர் அறுந்து கிடந்தது. எத்தனை வீடு மாறி வந்ததோ.

அவர் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். நேற்று காலி செய்துபோன குடும்பத்தில் ஒரு சின்னக் குழந்தை. குளிக்க வரவே மாட்டேன் என்று இரண்டு நாளும் அழுததாம். "பிடிவாதக்காரப் புள்ள," என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தேக்கடி ரோட்டு லாட்ஜ் உனக்கு மறந்திருக்காது. இடித்துக் கட்டப் போகிறோம் என்று நம்மிடம் மூன்று கீசரைக் கழற்றச் சொன்னார்கள். நீ மூன்றையும் மீட்டர் வைத்துச் சோதித்தாய். மூன்றிலுமே கரண்டு வெளித்தகட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மூடிக்குள்ளும் அந்த நெயில் பாலிஷால் குறி போட்டாய். "என்ன மாப்ள, கீசருக்கு மருதாணி வைக்கிறியா?" என்று கேலி செய்தேன். நீ சிரிக்காமல் சுத்தியலை என் கையில் கொடுத்தாய். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

"டேங்க ஒடச்சு, வயர ஒட்ட வெட்டிரு. செத்த சாமானச் செத்ததாவே அனுப்பணும் மாப்ள," என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாய்.

நீ போனதும் மழை பிடித்துக்கொண்டது. பழைய இரும்பு வண்டிக்காரர் வந்து அவசரப்படுத்தினார். எனக்கும் சோம்பல். மூன்றையும் முழுசாகவே தூக்கி வண்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் கேட்டாய்.

"ஒடச்சாச்சா?"

"ஒடச்சாச்சு."

"மூணுமா?"

"மூணும்."

அதற்கு மேல் நீ கேட்கவில்லை. வடையைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினாய். உலகத்தில் உள்ள எல்லா வயரையும் சந்தேகப்பட்டவன் நீ. என்னை மட்டும் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுகூட அந்தப் பொய் என் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு சுலபமாக மறந்திருந்தேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

கீசரை இறக்கி முற்றத்தில் போட்டேன். உன் சுத்தியலால்தான் உடைத்தேன். அக்கா பதறிப்போய், "ஏண்ணே, சீசன் நேரத்துல இப்பிடிப் பண்றீங்க?" என்றார்.

"இது என் தப்புக்கா. புதுசு நானே மாட்டித் தாரேன்," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியமே பஸ் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கி அந்தக் கடையைத் தேடிப் போய், மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன். "எத்தனையோ வருது, போகுதுண்ணே. எந்த வீட்டுக்குப் போச்சுன்னு நான் எங்க போய்த் தேட?" என்றார் கடைக்காரர். திரும்பி மலை ஏறும் பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ரோட்டோரத்து லாட்ஜ் பலகைகளை எல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இந்நேரம் எந்தக் குளியலறையில் எந்தக் குழந்தை அழுகிறதோ.

நாளையிலிருந்து லாட்ஜ் லாட்ஜாக ஏறி மூடியைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். கிறுக்கன் என்பார்கள். உன்னையும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சுத்தியல் பையில் மேலாகவே இருக்கிறது.

ஒடச்சாச்சு மாப்ளே. ஒண்ணு.