எர்த் இல்லாத வீடு

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. "டெஸ்டர் எரியுதுடி." அவ்வளவுதான். நீ டீ எடுத்துவரச் சமையலறைக்குப் போயிருந்தாய். நான் உன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடிக்குக் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது, திருப்புளிக்குப் பதிலாக நாம் எப்போதும் பயன்படுத்திய கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த மஞ்சள் டெஸ்டர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் பெருவிரல் டெஸ்டரின் தலையில் பட்டதும் உள்ளே இருந்த சின்ன விளக்கு எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் எரிந்தது. நீ இரண்டு டம்ளர்களோடு வந்தாய். டெஸ்டரைப் பைக்குள் போட்டுவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.

நேற்று வேங்கிக்காலில் என் அலுவலகத்துக்குப் பழுதுபார்ப்பவர் வந்து ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தார். சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை வந்தது. எழுந்துபோய் வராந்தாவில் நின்றேன். பக்கத்து மேசை அக்கா பின்னாலேயே வந்து, "இன்னா ஆச்சு, மயக்கமா?" என்றார். "காலைல சாப்பிடலக்கா" என்றேன். இப்படிப்பட்ட பதில்கள் எனக்குச் சட்டென்று வந்துவிடும். உனக்குத் தெரியும்.

அந்த மெஷினைக் கட்டி முடிக்க நமக்கு ஒன்றரை வருடம் ஆனது. மதர்போர்டு சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தது, உன் மடியில், துப்பட்டாவில் சுற்றப்பட்டு. கிராபிக்ஸ் கார்டு யாரோ பயன்படுத்தி விற்றது. அதன் இரண்டு ஃபேன்களில் ஒன்று சுற்றாது. அதற்கு 'ஒத்தக்கண்ணன்' என்று பெயர் வைத்தாய். நாம் தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"நக நட்டு சேக்கற வயசுல தகரப் பொட்டிக்கு நட்டு போடுதுங்க ரெண்டும்."

"இதுவும் சீர்தாம்மா. மாமியார் வூட்டுக்குத் தூக்கினு போவேன்."

"போ. மொதல்ல உன்ன உள்ள விடறாங்களான்னு பாரு."

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த வீட்டில், நீ குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது உன் காதில் ஹெட்போன் இருந்தபோது மட்டும்தான். வெவ்வேறு ஊர்களில் இருந்த நான்கு பெண்கள் உன் ஆன்லைன் விளையாட்டு அணியில் இருந்தார்கள். யாரையும் நீ நேரில் பார்த்ததில்லை. "லெஃப்ட்ல ரெண்டு பேரு இருக்காங்க. யாரும் ஓடாதீங்க. நான் சொல்றப்ப வாங்க," என்பாய். நீ சொன்னபோது அவர்கள் வந்தார்கள். வேறு எந்த இடத்திலும் நீ சொல்லி யாரும் வந்ததில்லை. மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் நான் அந்த நேரங்களில் பக்கத்தைத் திருப்பவே மறந்துவிடுவேன்.

பிறகு மெஷின் ஆட்டத்தின் நடுவில் தானாக அணையத் தொடங்கியது. ஒருமுறை அணைந்தபோது வீட்டின் ஃபியூஸும் சேர்ந்து போயிற்று. உன் அப்பா அறைக்குள் வந்து நின்றார். "இன்னொரு வாட்டி எதுனா ஆச்சின்னா பொட்டியத் தூக்கி மாட்டுக் கொட்டாயில வெச்சிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். அவர் எதையும் இரண்டாம் முறை சொல்கிறவர் இல்லை.

நாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினோம். ப்ராசஸரின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினோம். நான் அவசரப்பட்டு இரண்டாவது ஒயரில் கை வைத்தால் தட்டிவிடுவாய். "ஒரே நேரத்துல ரெண்ட மாத்தாதடி. அப்புறம் எதனால சரியாச்சின்னே தெரியாது." கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். மிஞ்சியது, கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டினோம்.

மெஷினின் தகரக் கூடான கேபினெட்டை வெறுங்காலோடு நின்று தொட்டால் கையில் சுருக்கென்று ஒன்று ஏறும். அது முதல் நாளிலிருந்தே இருந்தது. நாம் பார்த்த வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் கம்பளத்தின் மேல் நடந்து உடம்பில் சேரும் ஒரு மின்சாரத்தைப் பற்றி எச்சரிப்பார்கள், மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள்.

"அதுதான்டி இது. ஸ்டேட்டிக்."

"இங்க ஏதுடி கம்பளம்? சிமெண்ட் தரை."

"ஆமா, புக்குப் புழு சொல்லிட்டா. செருப்பு போட்டா அடிக்க மாட்டேங்குது இல்ல? அவ்ளோதான். ஷாக்குன்னு மட்டும் வாயத் தொறந்த, மெஷின் போச்சு."

அதனால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினாய், வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு. பக்கத்திலேயே சாமி அறை. உன் அம்மா கேட்டபோது குதிகால் வலி என்றாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் விட்டுக்கொடுத்தார். அன்று காலையில் வீடு முழுக்கக் கழுவி, சாமி அறையில் விளக்கேற்றுவார். தரை காயும்வரை நீ மெஷின் பக்கம் போகமாட்டாய்.

டெஸ்டர் எரிந்த அன்று, புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டி மெஷின் முதன்முறையாக நாற்பது நிமிடம் அணையாமல் ஓடியது. அடுத்த ஞாயிறு உன் அணிக்குத் தகுதிச் சுற்று. டம்ளரை நீட்டியபடி, "செத்துப் போச்சின்னு நெனச்சேன்டி இது" என்றாய். பல வாரங்களுக்குப் பிறகு உன் முகம் தெளிந்திருந்தது. ஸ்டேட்டிக்குக்கு டெஸ்டர் விடாமல் எரியாது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நிறுத்தவேண்டும். நிறுத்தினால் உன் அப்பா காரணம் கேட்பார். உன் மகிழ்ச்சிக்காகத்தான் சொல்லவில்லை என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உன் முகம் மாறுவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை என்பதே சரி.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி இல்லாத இடங்களில் கேபினெட்டில் லேசான கசிவு இருக்கும், பயப்படத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த வரியில், வீட்டின் எர்த்தை உடனே ஆள் வைத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். இரண்டு வரிகளையும் படித்தேன். முதல் வரியை வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. முன்பக்கத்தில் கிரிவலம் வருகிறவர்களுக்காகக் கட்டிய இரண்டு அறைகளிலும் ஆட்கள் தங்கியிருந்தார்கள். காலையில் அவர்கள் வெந்நீர் ஹீட்டரைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான பயிற்சியை உன் அணி அன்று காலை பத்து மணிக்கு வைத்திருந்தது. தரை ஈரம் காயவில்லை. செருப்போடு அறைக்குள் போன உன்னைப் பார்த்து உன் அம்மா, "வெள்ளிக்கெழமடி, கழட்டு" என்றார். கழற்றினாய். ஹெட்போன் ஒயரைச் செருகக் கேபினெட்டின் பின்பக்கம் கைவிட்டாய். எனக்கு அலுவலகத்தில் போன் வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அந்த வீட்டின் பிளக்குகளில் மூன்றாவது துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. மண்ணோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. முன் அறைகளுக்குக் கடக்கால் தோண்டியபோது மண்ணுக்குள் போகும் கம்பியை அறுத்திருக்கிறார்கள். அன்று ஹீட்டர் பழுதாகி, அதன் கரண்ட் அந்த மூன்றாவது ஒயர் வழியாக உன் கேபினெட்டுக்கு வந்து நின்றது. அவர் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "கால்ல ஒரு செருப்பு இருந்திருந்தா கூட தப்பிச்சிருக்கும்மா பொண்ணு" என்றார். உன் அம்மா அப்போது கதவருகே நின்றிருந்தார்.

அதன் பிறகு அவரைப் பார்க்க வருகிற எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான். "நாந்தான் கழட்டச் சொன்னேன்." உன் சித்தியிடம் சொன்னார். பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னார். என்னிடம் ஏழெட்டு முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார்.

சென்ற மாதம் போனேன். அவர் தனியாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. டீ போடவா?"

"வேணாம்மா. ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாளிலிருந்து சுருக்கென்றது, செருப்பு எதற்கு, டெஸ்டர் எரிந்தது, நான் அன்று மாலை படித்த இரண்டு வரிகள், எல்லாம். உங்கள் மேல் தவறில்லை என்றேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு ஒன்று கேட்டார்.

"அப்ப அவளுக்குக் குதிகால் வலி இல்லியா?"

"இல்லம்மா."

"தெனம் தைலம் தேச்சி உட்டேனே நானு. காட்டினு ஒக்காந்திருப்பாளே."

எனக்கு அது தெரியாது. நீ என்னிடம் சொன்னதில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மெஷின எடுத்துருப்பீங்கன்னு..."

"எடுத்துதான் இருப்போம்" என்றார். "அழுதிருப்பா. ரெண்டு நாளு சோறு துன்னாம இருந்திருப்பா. இருந்திருப்பா இல்ல?"

 தோலை முறத்திலிருந்து தட்டிவிட்டு எழுந்தார். "பஸ்சு வர்ற நேரம். நீ கெளம்பு" என்றார்.

அதன் பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் உன் அப்பாதான் வெளியே வந்தார். "தூங்குதும்மா" என்றார், பகல் பதினோரு மணிக்கு. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை நான் போகவில்லை.