சிவப்புப் பக்கம்

பெம்பர்டன் ஏரி முகாம், மெய்ன்
மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். கோடை வரும்வரை முகாமில் பிள்ளைகள் இல்லை. காவலுக்கு நானும் அர்லோவும்தான். ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. வெயில் ஏறினால் மட்டும் அடியில் ஏதோ முனகுகிறது.

கோடையில் நீந்தப் போகும் பிள்ளைகள், பலகையில் தொங்கும் தங்கள் பெயர் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்புவார்கள். கரையேறியதும் வெள்ளைக்கு மாற்றுவார்கள். உறைந்த ஏரிமேல் நடக்கும்போது நாங்களும் அப்படித்தான். நேற்று அர்லோவின் வில்லை வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. பதறிப்போய் ஏரிமேல் கத்திக்கொண்டே ஓடினேன். அவனோ சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"திருப்ப மறந்துட்டேன்டா! அதுக்காக ஊரையே கூட்டுற மாதிரியா கத்துவே?" என்று சிரித்தான். கூட்ட இங்கே ஊர் ஏது?

கம்பளிக் காலுறை அனுப்பு. உன் ஆப்பிள் ஜாமும். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுது.

இன்று காலை பனியில் துளையிட்டு மீன்பிடிக்கப் போன அர்லோவின் வில்லை இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. மறுபடி ஏமாறக் கூடாதென்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் வாசலில் அவன் பூட்ஸைக் காணோம். சமையலறையிலும் ஆள் இல்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு போகிறேன், அம்மா. என் வில்லையையும் சிவப்புக்குத் திருப்பிவிட்டேன். அதைப் பார்த்துத் தேடி வர இங்கே வேறு யாரும் இல்லை.

உன்
வெண்டல்