மிஸ்ஸிங்

14 மே 1942, வியாழன்

பக்கத்து வீட்டு ரோசம்மா மத்தியானம் தந்தியோடு நான் வேலை பார்க்கும் துறைமுக ஆபீசுக்கே வந்துவிட்டாள். ரங்கூன் பக்கம் போன கப்பலில் அவள் புருஷன் சூசை 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. காணவில்லை என்று சொன்னேன்.

"காணலைன்னா தேடுதாங்கன்னுதான அர்த்தம், அண்ணாச்சி? ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்க அவுக பேரை எந்த லிஸ்டுல குடுக்க? கடலுக்குப் போனவுக கூடயா, செத்தவுக கூடயா? அவுகளைப் பெத்த மாமியே செத்தவுக கூடக் குடுக்கச் சொல்லுதா."

இதைப் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கக் கூடாதா? இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"தேடுதாங்க. கடலுக்குப் போனவுக கூடவே குடு" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மாதா கோயிலுக்குப் போனாள்.

கப்பலிலிருந்து தோணியில் வந்து சேராத மூட்டைகளுக்கு நேராகக் கணக்குப் புத்தகத்தில் 'மிஸ்ஸிங்' என்ற அதே சொல்லைத்தான் இத்தனை வருஷமாக எழுதிவருகிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டபின் எந்த மூட்டையையும் யாரும் தேடியதில்லை.

சாயங்காலமும் ஒரு மூட்டை குறைந்தது. எனக்கு எழுதக் கை வரவில்லை. மறுபடியும் போய்த் தேடிப் பார்க்கும்படி தோணிக்காரனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணாச்சி? எப்பவும் போல எழுதிட்டுப் போங்க."