ரோஸாக மாறிய பால்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கல்மண்டபத்து எங்கள் பால் கடைக்கு இன்று சுகாதார ஆபீசர் வந்தார். "ஒரு சொட்டு தண்ணி கீதான்னு நல்லா பாரு சார்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். கண்ணாடிக் குழாயில் பாலை எடுத்து மருந்து விட்டார். பால் ரோஸாக மாறியது.

"தண்ணி இல்லம்மா, ஆப்ப சோடா கலந்திருக்கு" என்றார்.

மருமகள் செல்வி தலை குனிந்தாள். "போன வாரம் பால் திரிஞ்சதுக்கு அந்தக் கத்து கத்துனியே அத்தே. அதுக்கு பயந்துதான் திரியாம இருக்க சோடா போட்டேன்."

பாலையெல்லாம் ஆபீசர் சாக்கடையில் ஊற்றவைத்தார். கைக்குழந்தைக்குத் தினமும் எங்களிடம் வாங்கும் எதிர்வீட்டு மேரி, பாத்திரத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயந்திரம் மேரி பாக்கெட் பாலை முந்தானையில் மறைத்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள். "இன்னா ஆயா, சாப்ட்டியா?" என்று எப்போதும்போலக் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.