பெரிய மோட்டார் வேண்டாம், கண்ணு

உடுமலைப்பேட்டை
11-8-96, ஞாயிறு

அன்புள்ள கண்ணு குமாரவேலுக்கு,

உங்கம்மா எழுதறது. நானும் உங்கய்யனும் உசிரோட, கைகால் சுகத்தோட இருக்கறோம். உசிரோடன்னு எதுக்கு எழுதறேன்னா, புதன்கிழமை அது போயிருக்க வேண்டியது. முதல்லயே சொல்லிப்போட்டேன், இனிப் பதறாமப் படி. நீ சிங்கப்பூர்ல வேளைக்குச் சாப்பிடறயா, கப்பல் பட்டறையில வெல்டிங் வைக்கறப்ப கண்ணாடி போட்டுக்கறயான்னு எழுது. போன கடுதாசியில ஒண்ணுமே எழுதலே.

போன வாரம் பூத்துக்குப் போன் பண்ணி, இப்ப இருக்கறதைவிட ரெண்டு மடங்கு இழுக்கற மோட்டார் ஒண்ணு உங்க பட்டறையில சல்லிசா வருது, அனுப்பட்டுமான்னு கேட்டயல்ல. உங்கய்யன் அனுப்பு சாமின்னு சிரிச்சாங்க. பக்கத்துல நின்ன நானும் தலையாட்டினேன். ஆட்டின தலையைத் திருப்பி வாங்கிக்கத்தான் இதை எழுதறேன். அனுப்பாதே. ஏன்னு சொல்றேன்.

சாயப்பட்டறையில விழுந்ததுல இருந்து உங்கய்யனுக்கு வலது தோள் மேல ஏறாது, உனக்கே தெரியும். துடுப்பை நாலு இழுப்பு இழுத்தா முகம் வெளுத்துரும். அதுக்காகத்தான் நீ உங்கூட வேலை செய்யற சோணைமுத்து ஊருக்கு வந்தப்ப அந்தக் கரண்டு மோட்டாரைக் கொடுத்தனுப்பினே. படகுக்குப் பின்னால மாட்டி, பேட்டரியில ரெண்டு கிளிப்பைக் கடிக்க உட்டா சத்தமே இல்லாமப் போகுது, அணையில பரிசல் ஓட்டறவங்க அத்தனை பேரும் கரையில நின்னு பார்த்தாங்க. இதுக்குன்னே தனி பேட்டரி இருக்குது, அதைக் கேட்டு வாங்குங்கன்னு நீ எழுதியிருந்தே. அது இங்க கிடைக்கலே. தாராபுரம் ரோட்டுக் கடைக்காரர், பன்னெண்டு வோல்ட்டுன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க, லாரியையே கிளப்பற பேட்டரி உங்க படகைத் தள்ளாதுங்களான்னு கேட்டார். அவர் பேச்சை நம்பினோம். லாரிக்குப் போடறதையே தூக்கிட்டு வந்தோம். முதல் மாசம் காலையில போனா மத்தியானம் வரைக்கும் தாங்குச்சு. அப்புறம் கொறைஞ்சுட்டே வந்துது. ஆடி பொறந்ததுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஓடினாலே மோட்டார் சொணங்கிப் போகும். சார்ஜ் போடறவன் சரியாப் போடறதில்லேன்னு உங்கய்யன் அவனைத் திட்டினாங்க. தப்பு அவன்கிட்ட இல்லே கண்ணு.

புதன்கிழமை நான் போற பனியன் கம்பெனிக்குக் கரண்டு லீவு. உங்கய்யன்கூடப் போற ராசப்பன் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டதால வலை எடுக்க நான் படகுல ஏறினேன். மழை பெஞ்சு அணை நெறைஞ்சு மூணு ஷட்டர் திறந்திருந்தாங்க. நாம எதிர்க்கோடிக்குத்தானே போறோம், அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டோம்னு உங்கய்யன் சொன்னாங்க. துடுப்பைக் கரையிலயே போட்டுட்டாங்க. காலுக்கு நடுவுல கெடந்து இடைஞ்சல் பண்ணுதாம். நானும் ஒரு வார்த்தை கேக்கலே. அதை நெனச்சு இன்னைக்கும் என்னையே திட்டிக்கறேன்.

மூணு மணி இருக்கும். வலையைப் பூராவும் எடுத்துப் படகுல போட்டிருக்கறோம், மேக்கால இருந்து காத்து எறங்குச்சு. ஆடிக்காத்துன்னா நமக்குப் புதுசா என்ன, ஊட்டு ஓட்டையே தூக்கற காத்து. ஆனா தண்ணி மேல அது வேற. உங்கய்யன் மோட்டாரை முழுசாத் திருப்பினாங்க. கொஞ்ச தூரம் எதிர்த்துப் போச்சு, அப்புறம் காத்தாடி நிக்கற மாதிரி மெதுவா மெதுவாச் சுத்தி நின்னே போச்சு. கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாங்க, கை சுட்டுது. தொடைச்சு மாட்டினாங்க. ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி நின்னுது. படகு தானாத் திரும்பி ஷட்டர் பக்கம் போக ஆரம்பிச்சுது கண்ணு. முதல்ல காத்து தள்ளுதுன்னுதான் நெனச்சேன். கிட்டப் போகப் போகத் தண்ணியே இழுக்குதுன்னு தெரிஞ்சுது. ஷட்டர்ல தண்ணி உழுகற சத்தத்துல உங்கய்யன் கத்தறது எனக்குக் கேக்கலே. நான் மீன் போடற அலுமினிய அன்னக்கூடையால தண்ணியைத் தள்ளினேன். தள்ளத் தள்ள நாங்க அங்கயேதான் போனோம்.

படகுல ஒரு காலி பிளாஸ்டிக் கேன் இருந்துது. உங்கய்யன் அதை எடுத்து என் இடுப்புல கட்டினாங்க. நான் நீந்திக்குவேன், நீ இதைப் பிடிச்சுக்கன்னாங்க. ஒத்தைக் கையில எப்படீங்க நீந்துவீங்கன்னு கேட்டேன். என் மூஞ்சியைப் பாக்காம முடிச்சை இறுக்கினாங்க. நான் அந்த முடிச்சை அவுத்து, கேனை ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டேன்.

அணை கட்டறப்ப மூழ்கின பனைமரங்க ஷட்டருக்கு இந்தப் பக்கம் தண்ணிக்கடியில மொட்டையா நிக்குது. வலை சிக்கிக்கும்னு அங்க யாரும் போக மாட்டாங்க. அது ஞாபகம் வந்து உங்கய்யன் வலையோட தலைக்கயித்தைப் படகு மூக்குல கட்டி, மொத்த வலையையும் தண்ணியில தள்ளி உட்டாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லே. அப்புறம் ஒரு வெட்டு வெட்டிப் படகு நின்னுது. அந்தக் கயிறு அறுந்திருந்தா இந்தக் கடுதாசி இல்லே. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, கயித்தைப் பாத்துட்டே உக்காந்திருந்தோம். கரையில இருந்து பாத்துட்டு, பரிசல்காரர் கருப்புசாமி அணைக்காரங்க படகுல இன்னும் ரெண்டு பேரைத் துடுப்புப் போடச் சொல்லி வந்து எங்களைக் கட்டி இழுத்தார். வலை போச்சு. போகட்டும்.

மறுநாள் எங்க கம்பெனி எலக்ட்ரீசியன் மருதாசலம் ஊட்டுக்கே வந்து பேட்டரியைப் பாத்தார். ஒவ்வொரு மூடியாத் திறந்து கண்ணாடிக் குழாயில ஆசிட்டை உறிஞ்சிப் பாத்துட்டு, ரெண்டு அறை செத்தே போச்சுங்க அக்கான்னார். லாரி பேட்டரி ஒரே மூச்சுல எஞ்சினை எழுப்பி உட்டுட்டுப் படுத்துக்கறதாம், மணிக்கணக்கா இழுக்க வெச்சா உள்ள தகடெல்லாம் உதுந்துருமாம். படகுக்கு வேணுங்கறது தகடு கனமா இருக்கற பேட்டரி, பெரிய கம்பெனிங்கள்ள இன்வெர்ட்டருக்கு வைக்கற மாதிரின்னார். அதையும் பாதிக்கு மேல காலி பண்ணாமக் கரைக்கு வந்துரணுமாம். நீ சொன்ன பெரிய மோட்டாரைப் பத்திக் கேட்டேன். அது இதைவிட வேகமா கரண்டைக் குடிக்குமுங்க, பாதி வழியில நிக்கறது இன்னும் சீக்கிரமாவே நின்னுரும்னார். நாம பெருசு பெருசுன்னு ஆசைப்பட்டது எதுக்குன்னு பாத்துக்கோ.

அதனால மோட்டார் இருக்கறதே போதும். அங்க உன் பட்டறையில தெரிஞ்சவங்களைக் கேளு, இந்த மோட்டார் மெதுவா ஓடினா மணிக்கு எவ்வளவு இழுக்கும், எந்த அளவு பேட்டரி வெச்சா நாலு மணி நேரம் நிச்சயமா வரும்னு எழுது. நிச்சயமான்னா நிச்சயமா, ஏறக்குறையன்னு எழுதாதே. பேட்டரி எவ்வளவு கனம்னும் கேளு, நம்ம படகு பன்னெண்டடிதான், பின்னால பாரம் அதிகமானா மூக்கு தூக்கிக்குது. நெஞ்சுல கட்டிக்கற மிதவைச் சட்டை ரெண்டு வேணும். மோட்டார் அனுப்பற காசுல அதை அனுப்பு. துடுப்பை நான் படகுலயே சங்கிலி போட்டுக் கட்டிட்டேன், இனி அது கரையில கெடக்காது.

அய்யனைப் போக வேண்டாம்னு சொல்லேன்னு நீ கேப்பே. சாயப்பட்டறையில இனி அவங்களைச் சேக்க மாட்டாங்க. ரெண்டு வருசம் செவுத்தைப் பாத்து உக்காந்திருந்த மனுசன், அணைக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் வாய்விட்டுப் பேசினாங்க. நேத்து இரவல் வலை வாங்கிட்டு ராசப்பனோட போனாங்க, துடுப்பு மட்டும்தான். நான் கம்பெனியில பீஸ் செக்கிங் பண்ணிட்டிருந்தேன், காத்துல கூரைத் தகரம் படபடன்னதும் எழுந்து கேட் வரைக்கும் ஓடினேன். சூப்பர்வைசர் என்னுங்க அக்கா என்னுங்க அக்கான்னு பின்னாலயே வந்தார். திரும்பி வந்து உக்காந்தா துணியில ஓட்டை எது, தையல் எதுன்னு தெரியலே.

மாரியாத்தா உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும். நீ ஒரு கொறையும் இல்லாம வேலை செஞ்சு, நல்லபடியா ஊரு வந்து சேரணும்னு ரெண்டு பேரும் வேண்டிக்கறோம். மழை நாள்ல ஈரத் துணியோட தூங்காதே. பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடு, ஊட்டுக்குப் போடாதே. அப்படியே ஐயனுக்குத் தனியா எழுதினாலும், அம்மா பயந்து போயிட்டாங்கன்னு ஒரு எழுத்து எழுதிராதே கண்ணு. கரையேறினதும் உங்கய்யன் கருப்புசாமிகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா, இவ கொஞ்சம்கூடப் பயப்படலே, அதைப் பாத்துதான் எனக்குத் தெம்பு வந்துதுன்னாங்க. அதை நம்பித்தான் மறுபடி படகுல ஏறறாங்க.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. தெய்வாத்தாள்