பல்லிக்கும் விரதம்

18 ஜனவரி 1996, வியாழன். பிரிக்பீல்ட்ஸ்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க ஒரு மாசமா விரதம் இருக்கேன். மகள் கவிதா வளர்க்கறதுக்காகக் கடையில புதுசா வாங்கின புள்ளிப் பல்லிக்கும் நானே விரதம் வச்சிட்டேன். உயிரோட பூச்சி போடுறது விரத வீட்டுக்கு ஆகாதுன்னு வாழைப்பழத்தை மசிச்சுக் குடுத்தேன். பசிக்கு அதையும் நக்குச்சு. சாமி விளக்குக்கிட்ட சுவத்துப் பல்லி தினமும் பூச்சி பிடிக்குது. அதை நான் விரட்டினதில்ல.

கவிதாவோட பல்லிக்குக் கால் வளைஞ்சு போச்சுன்னு இன்னைக்குக் கிள்ளான்ல மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். என்ன சாப்பாடுன்னு கேட்டாங்க. "பூச்சிதான்"னு சொன்னேன். விரதத்துல பொய் வேற.

"இல்ல டாக்டர், அப்பா விரதம் முடியற வரைக்கும் இதுவும் சைவம்"னா கவிதா. பெருமையாத்தான் சொன்னா.

டாக்டரம்மா அதோட தாடையை லேசா அழுத்திக் காட்டினாங்க. ரப்பர் மாதிரி அமுங்குச்சு. "கால்சியம் இல்லாம எலும்பு இளகிடுச்சு அங்கிள். இது எந்தச் சாமிக்கும் வேண்டிக்கல லா."

மருந்தும், தீனிக்கு உயிரோட சில்வண்டும் வாங்கிட்டு வந்து, என் கையாலேயே ஒண்ணைப் பல்லியோட தொட்டிக்குள்ள விட்டேன். பல்லி நகர்ந்து வந்து வாயைத் திறந்துச்சு. கடிக்க முடியல. மறுபடியும் திறந்துச்சு.

விளக்கை அணைக்கணும். கண்ணாடித் தொட்டிக்குள்ள சில்வண்டு இன்னும் கத்துது.