புகை குறைத்தவனுக்குப் பரிசு

அன்புள்ள மார்கிறட்டுக்கு,

நீயும் மகள் மதுஷாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் நல்ல சுகம். என் காற்சட்டைக்குத்தான் சுகமில்லை. சைக்கிள் சீற்றில் மாட்டிப் பின்பக்கம் கிழிந்துவிட்டது, அதுவும் கம்பனியில் எனக்குப் பரிசு தந்த அன்று!

புகை குறைவாகப் பயணம் செய்யும் தொழிலாளிக்குப் பரிசாம். இந்தக் கட்டார் நாட்டு வெயிலில் சைக்கிளில் வேலைக்குப் போகும் விசரன் நான் மட்டும்தானே. "பிலிப்பண்ணன், தொப்பியால மறைச்சிட்டு ஏறுங்க" என்று காத்தான்குடி நஸீர் மேடைக்குத் தள்ளிவிட்டான்.

கடைசியாக எப்போது விமானம் ஏறினாய் என்று மனேஜர் கேட்டார்.

"இங்க வரக்குள்ள, சேர். அப்ப மகள் தவழ்ந்தவள். இப்ப பள்ளிக்கூடம் போறாள்."

விமானம் விடுகிற புகைதான் பெரிய புகையாம். மற்றவர்களை என்னைப் பார்த்துப் பழகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தொப்பி விழுந்துவிட்டது.

அங்கே என் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. களப்புக் கரையோரத்தில் மதுஷா அதை ஓடிப் பழகட்டும். அவளுக்காகச் சீற்றைப் பதித்து இறக்கினால், என் உயரத்துக்கு இருந்த இடத்தில் ஒரு கோடு கீறி வை.

வேலைக்கு நேரமாகிறது.

பிலிப்பு

பி.கு.: மனேஜர் கைகொடுத்தபோது வாய்வரை வந்தது, சொல்லவில்லை: "அந்தப் பெரிய புகைய ஒருக்கா விட லீவு தாங்க, சேர்."